பத்து மணிக் கிருமி

நாச்சிமுத்து அண்ணனுக்கு உடம்பில் ஒரு கோளாறும் இல்லை. அவரைக் குணப்படுத்த முடியாமல் போனதற்கு அதுதான் காரணம்.

இப்படிப் பேசினால் "வாணிக்கு வாய் ஜாஸ்தி" என்பார்கள். ஜாஸ்திதான். பதினெட்டு வருஷமாக அடுத்தவர்களை 'ஆ' காட்டச் சொல்லித் தொண்டையைத் துடைத்து எடுக்கிறவளுக்குத் தன் வாயையும் நாலு தடவை திறக்கத் தோன்றாதா என்ன?

நான் கோகிலவாணி, செம்மாண்டிபுதூர் வட்டார ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். முன்பெல்லாம் இங்கே காய்ச்சல் என்று வந்தால் டாக்டர் நெற்றியில் கை வைப்பார், நாக்கை நீட்டச் சொல்வார், ரெண்டு நாள் கழித்து வா என்பார். துழாவி என்கிற சோதனை மெஷின் வந்ததும் அதெல்லாம் போச்சு. தொண்டையில் ஒரு குச்சி, குச்சி ஒரு குழாயில், குழாய் மெஷினில். இருபது நிமிஷத்தில் உள்ளே யார் யார் குடியிருக்கிறார்கள் என்று பேர் சொல்லிவிடும். ஆகாத கிருமி இருந்தால் சிவப்பு விளக்கு, இல்லாவிட்டால் பச்சை. நாட்டிலேயே முதல் சோதனை ஓட்டம் எங்கள் ஊரில்தான். திறப்பு விழாவில் மெஷினுக்கு மாலை போட்டுச் சந்தனம் தெளித்தார்கள். அந்தச் சந்தனத்தைச் சுரண்டி எடுக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

கூடவே ஒரு சட்டமும் வந்தது. ஆஸ்பத்திரி கேட்டுக்குள் கால் வைக்கிறவர் யாராக இருந்தாலும் முதலில் தொண்டையைக் காட்ட வேண்டும். சிவப்பு வந்தால் தனி வார்டில் போட்டுப் பூட்ட வேண்டும். தொடர்ந்து மூன்று நாள் பச்சை வந்தால்தான் வெளியே விடலாம்.

நாச்சிமுத்து அண்ணன் நோயாளியாக வரவே இல்லை. ஆஸ்பத்திரி போர்வெல் மோட்டார் கரகரவென்று சத்தம் போடுகிறது என்று நாங்கள்தான் போன் போட்டு வரச் சொன்னோம். ஐம்பத்தெட்டு வயது. சுற்றுவட்டாரத்தில் மோட்டார் வேலையில் அவரை அடிக்க ஆள் கிடையாது. ஸ்க்ரூ டிரைவரின் நுனியை மோட்டார் மேல் வைப்பார், கைப்பிடியைக் காதில் வைப்பார், கண்ணை மூடுவார். "பேரிங் போச்சுங்" என்பார். கழற்றிப் பார்த்தால் பேரிங்தான் போயிருக்கும். அவருக்குச் சோறு போடுவது அந்தக் காதுதான். மனைவி தவறி நாலு வருஷம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. பட்டறைக்குப் பின்னாலேயே ஒரு அறை, மூன்று வேளையும் பக்கத்து மெஸ்ஸில் சாப்பாடு.

சட்டம் நடைமுறைக்கு வந்த முதல் நாள் காலை மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு ஒன்பதரைக்கு வந்தார். கேட்டில் 'ஆ' காட்டினார். சிவப்பு.

மெஷின் சிவப்போடு நிற்கவில்லை. "பட்டியலில் இல்லாத புதிய கிருமி" என்று எழுதியும் காட்டியது. அவருக்குப் பின்னால் வந்த பத்துப் பேரில் எட்டுப் பேருக்கும் அதே. எங்கள் தலைமை மருத்துவர் டாக்டர் வில்வநாதன் உடனே தலைநகருக்குத் தகவல் கொடுத்தார். மூன்றாம் நாள் கிருமிக்குப் பெயர் வைத்தார்கள்: செம்மாண்டி-1. ஊர் பேரைக் கெடுத்துவிட்டார்கள் என்று முதலில் கடையடைப்பு நடந்தது. உலகத்திலேயே நம் ஊர் பேரில் ஒரு கிருமி இருக்கிறது என்று யாரோ எடுத்துச் சொன்னதும், அதே ஆட்கள் பஸ் ஸ்டாண்டில் பேனர் வைத்தார்கள்.

நிபுணர் குழு வந்தது. நோயின் அறிகுறிகளைத் தொகுத்தது. வயிறு நிறைந்த உணர்வு, லேசான தூக்கம், பதினோரு மணிவாக்கில் காபி மேல் ஆசை. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு இந்த மூன்றும் இருந்ததாம். "எனக்குந்தான் இருக்குது" என்றேன். டாக்டர் முறைத்தார்.

கிருத்திகை அன்று வார்டில் பாதிப் பேருக்குப் பச்சை வந்தது. எங்கள் பக்கம் கிருத்திகைக்கு முருகனுக்கு விரதம் இருக்கிறவர்கள் அதிகம். கிருமி நிலவின் போக்குக்குக் கட்டுப்படுகிறது என்று குழு எழுதியது. ஊழியர்களில் ஒருவருக்கும் சிவப்பு வரவில்லை. எங்களுக்குச் சோதனை காலை ஆறரைக்கு, டூட்டி ஏறும்போது. நோயாளிகளுக்குப் பத்து மணிக்கு. ஊழியர்களின் சுத்தமும் ஒழுக்கமும் கிருமியை அண்ட விடவில்லை என்று பாராட்டி ஆளுக்கொரு சான்றிதழ் கொடுத்தார்கள். நானும் அதை வாங்கி ஃபிரேம் போட்டு மாட்டினேன். இப்போது நினைத்தால் வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

வார்டில் அடைபட்டவர்கள் பத்து நாளில், இருபது நாளில் எப்படியோ மூன்று பச்சை சேர்த்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். வீட்டு ஆட்கள் வருவார்கள், தூக்குப்போசியில் எதையாவது கொண்டுவருவார்கள், அழுவார்கள், அழைத்துக்கொண்டு போவார்கள். ஏழாம் படுக்கைக்கு மட்டும் யாரும் வரவில்லை. ஆஸ்பத்திரி கொடுப்பதைச் சாப்பிட்டுக்கொண்டு, தினமும் பத்து மணிக்குச் சிவப்பு வாங்கிக்கொண்டு நாச்சிமுத்து அண்ணன் அங்கேயே கிடந்தார்.

ஒரு நாள் தொண்டையைத் துடைத்து முடித்ததும் கேட்டார்.

"ஏனுங் அம்மணி, இந்த மிசினு எப்புடித்தான் கண்டுபுடிக்குது?"

"ஜிப்பு இருக்குதுல்லங்ண்ணா, அதுல ரெண்டு பக்கமும் பல்லு இருக்கும். கிருமிக்குள்ளயும் அப்படி ஒரு ஜிப்பு. அதைப் பிரிச்சு வெச்சா, அதே பல்லு இருக்கற இன்னொரு பாதிதான் அதுல போய் ஒட்டும். அந்த இன்னொரு பாதிய மெஷினுக்குள்ள ரெடியா வெச்சிருக்கோம். அதுதான் துழாவி. ஒட்டுச்சுன்னா கிருமி இருக்குதுன்னு அர்த்தம். அப்பறம் பட்டியல்ல பேரு தேடும். பேரு இல்லைன்னா புதுசுன்னு சொல்லிச் சிவப்பு காட்டும்."

அவர் என் கையிலிருந்த குழாயை உற்றுப் பார்த்தார்.

"அந்தக் கிருமி உசுரோட இருக்குதா, செத்துப் போச்சான்னு சொல்லுங்களா?"

"சொல்லாதுங்ண்ணா. இருக்குதுன்னு மட்டுந்தான் சொல்லும்."

"அப்ப ஓடற மோட்டாரும், பழைய இரும்புக் கடையில கெடக்கற மோட்டாரும் இதுக்கு ஒண்ணுதானுங்களா?"

நான் சிரித்துவிட்டேன். மடச்சி. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"அதென்னுங், கடைசியா உங்க தொண்டையிலயும் குச்சிய உடறீங்?" என்று அடுத்த கேள்வியைப் போட்டார்.

அது எங்கள் ஆஸ்பத்திரி ஏற்பாடு. ஒவ்வொரு தடவையும் சுத்தமான மாதிரி ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்க வைக்க வேண்டும். கம்பெனி கொடுத்த மாதிரிக் குழாய்கள் இரண்டாம் வாரமே தீர்ந்துபோயின. "சுத்தமான ஆள் யாராவது ஒருத்தர் தொண்டையை வெச்சு ஓட்டுங்க" என்றார் டாக்டர். நான் வேலையெல்லாம் முடித்துப் பதினோரு மணிக்குத்தான் காலைப் பலகாரம் சாப்பிடுவேன். பத்து மணிக்கு என் குழாய் எப்போதும் பச்சை. இந்த ஊரின் சுத்தத்துக்கு அளவுகோல் என் தொண்டைதான். அது சிவந்தால் டெக்னீஷியனை உள்ளே போட வேண்டும் என்றும் விதிப் புத்தகத்தில் இருக்கிறது. அதைச் சொன்னேன்.

"அப்ப எட்டாம் படுக்கைக்கு வாங்கம்மணி, பேச்சுத் தொணைக்கு ஆச்சு" என்றார். அதற்கும் சிரித்தோம்.

நாற்பதாம் நாள் சிரிப்பெல்லாம் அடங்கியது. நாற்பது நாளாகியும் வெளியே போகாதவர் 'பிடிவாத வகை' என்று டாக்டர் விதிப் புத்தகத்தைக் கொண்டுவந்து படித்தார். பிடிவாத வகைக்கு வெளிச் சாப்பாடு கூடாது. ஐம்பதாம் நாளுக்குள் தொடர்ந்து மூன்று பச்சை வராவிட்டால் ஐம்பத்தோராம் நாள் காலை கடைசி ஊசி தொடங்க வேண்டும், பத்து நாள். கிருமி செத்துவிடும். ஒரே ஒரு பக்க விளைவு, பெரும்பாலும் காது போய்விடும்.

"செரிங், எனக்குத்தான் நோவே இல்லைங்களே" என்றார் நாச்சிமுத்து அண்ணன்.

"நோவு தெரியாம இருக்கறதும் இந்த நோயோட அறிகுறிதான்" என்றார் டாக்டர்.

அவர் போன பிறகு அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியேதான் மோட்டார் அறை. பழுது பார்க்க வந்தவரைப் பூட்டி வைத்துவிட்டதால் மோட்டார் அப்படியேதான் கரகரத்துக்கொண்டிருந்தது. வேறு மெக்கானிக் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போன மெக்கானிக் திரும்பி வரவில்லை என்று ஊரெல்லாம் தெரிந்திருந்தது.

"இன்னும் நாலு நாளுங்க அம்மணி. அஞ்சாம் நாள் ஓடாது" என்றார், திரும்பாமலே. "அதக் கேக்கறதுக்கும் எனக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்குதாட்ட."

நாற்பது நாளாக அவர் பேருக்கு நேரே 'சிவப்பு' என்று அடித்துக் கையெழுத்துப் போடுகிறவள் நான்தானே.

சொன்னபடியே நாற்பத்து நாலாம் நாள் விடிகாலையில் மோட்டார் நின்றது. ஆஸ்பத்திரியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அன்றைக்குப் பத்து மணிக்கு வார்டு முழுக்கத் துடைத்து மெஷினில் வைத்தேன். அத்தனையும் பச்சை. ஏழாம் படுக்கை உட்பட.

டாக்டர் வில்வநாதன் முந்தின நாள் அடித்த மருந்துப் புகைதான் காரணம் என்று துள்ளிக் குதித்தார். நான் என் காபிக்காகச் சமையல்கட்டுக்குப் போனேன். அங்கே சமையல்கார மயிலாத்தாள் அக்கா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"காபியெல்லாம் இல்ல வாணி. இட்லிக்குண்டா கழுவவே தண்ணியில்ல, எங்க போயி இட்லி வேக வெக்கறது? அல்லாத்துக்கும் ஆளுக்கு ரெண்டு பன்னக் குடுத்து உட்டுட்டேன்."

மத்தியானம் லாரியில் தண்ணீர் வந்தது. மறுநாள் காலை வழக்கம்போல் இட்லி. பத்து மணிக்கு வார்டு முழுக்கச் சிவப்பு.

லேப் கதவைச் சாத்திக்கொண்டு என் தொண்டையைத் துடைத்து ஓட்டினேன். பச்சை. சமையல்கட்டுக்குப் போய் ரெண்டு இட்லி வாங்கி நின்றபடியே தின்றுவிட்டு வந்து மறுபடி ஓட்டினேன்.

சிவப்பு. செம்மாண்டி-1.

தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மாவைப் புளிக்க வைக்கிற கிருமி. ஊரில் ஒவ்வொரு வீட்டுச் சட்டியிலும் ராத்திரியெல்லாம் பொங்கி நிற்கிற கிருமி. ஆவியில் வெந்தால் செத்துப் போகும், ஆனால் செத்ததன் துணுக்கு தொண்டையில் ஒட்டியிருக்கும். துழாவிக்குச் செத்ததும் ஒன்றுதான், உயிருள்ளதும் ஒன்றுதான். பட்டியல் தயாரித்த தேசத்தில் காலையில் டப்பாவிலிருந்து எதையோ கொட்டிப் பால் ஊற்றிக் குடிக்கிறார்கள். அவர்கள் பட்டியலில் இட்லிக் கிருமி எப்படி இருக்கும்? உடம்பு சரியில்லாதவருக்கு இட்லிதான் கொடுக்க வேண்டும் என்று நாம் கொடுத்துக்கொண்டே இருக்கிறோம். இட்லி சாப்பிட்டதால் உடம்பு சரியில்லை என்று அது சொல்லிக்கொண்டே இருக்கிறது.

நேரே டாக்டர் அறைக்குப் போனேன்.

"சார், செம்மாண்டி-1 நோயே இல்லைங்க சார். அது இட்லி."

எல்லாவற்றையும் சொன்னேன். கிருத்திகை விரதம், ஆறரை மணி, பத்து மணி, பன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"நான் இன்னிக்குக் காலைல ஆறு இட்லி சாப்பிட்டேன்."

"அப்ப உங்களைத் துடைச்சாலும் சிவப்புதான் சார்."

அவர் பதறிப்போய்க் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்.

"வாணி, நீங்க சொல்றது சரியாவே இருக்கலாம். ஆனா ஒரு கிருமியை நோய்ப் பட்டியல்ல சேர்க்க என் ஒரு கையெழுத்து போதும். எடுக்கணும்னா ஏழு பேர் கமிட்டி கூடணும். அந்த ஏழு பேர்ல நாலு பேர் செம்மாண்டி-1ல ஆராய்ச்சிப் பட்டம் வாங்கப் போறாங்க. அடுத்த கூட்டம் தை மாசம்."

"ஊசி இன்னும் ஆறு நாள்ல சார்."

"ஊசி போடலைன்னா நான் விதியை மீறினவன் ஆயிடுவேன்."

"அட, அதுவரைக்கும் இட்லியையாவது நிறுத்தலாம்ல சார்?"

"என்ன காரணம்னு எழுதறது? நோயாளிக்கு இட்லி கூடாதுன்னு ஒரு டாக்டர் எழுதினா, இந்த ஊர்ல எவனாவது அவனை டாக்டர்னு ஒத்துக்குவானா?"

கத்த வேண்டும்போல இருந்தது. கத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. வெளியே வந்து முகத்தைக் கழுவிக்கொண்டு ஏழாம் படுக்கைக்குப் போனேன்.

விஷயத்தைக் கேட்டு நாச்சிமுத்து அண்ணன் எழுந்து உட்கார்ந்தார்.

"நாப்பத்தஞ்சு நாளு... இட்லிக்குங்களா?"

"இட்லிக்குத்தானுங்ண்ணா."

"அப்ப நாளையில இருந்து நான் காலைல பட்டினி கெடந்துக்கறேன்."

அதுவும் முடியாது. பிடிவாத வகைக்காரர் சாப்பிட மறுத்தால் 'பசியின்மை' என்று எழுதுவார்கள். பசியின்மை வந்தால் ஐம்பது நாள் கணக்கே இல்லை, அன்றைக்கே ஊசி. தட்டு காலியாகியிருக்கிறதா என்று வார்டு சிஸ்டர் அமலோற்பவம் வந்து பார்ப்பார். நல்ல மனுஷி, ஆனால் விதி என்றால் விதி. ஏழரை மணிக்குத் தட்டு வரும். சிஸ்டர் எட்டு மணிக்குத்தான் இந்தப் பக்கம் வருவார். அந்த அரைமணியில் தட்டை மாற்றிவிட வேண்டும். வெளிச் சாப்பாடு கொண்டுவந்தது தெரிந்தால் எனக்கு வேலை போகும். போகட்டும் என்று முடிவு செய்ய எனக்கு ஒரு நாள் பிடித்தது.

இங்கேதான் என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். நாற்பத்தேழாம் நாள் காலை ஐந்தரைக்கு அவசர அவசரமாக அடுப்பைப் பற்றவைத்து, மூன்று உருப்படி சுட்டு, டப்பாவில் போட்டுக்கொண்டு ஓடினேன். அவருடைய நாலு இட்லியை என் பைக்குள் போட்டேன். அவர் டப்பாவைத் திறந்து ஆசையாகச் சாப்பிட்டார். பத்து மணிக்குச் சிவப்பு. என்னடா இது என்று திகைத்து நின்றபோதுதான் உறைத்தது. கொண்டுபோனது தோசை. நானே கண்டுபிடித்த கிருமியை, நானே கல்லில் ஊற்றி, நெய் விட்டு முறுகலாக எடுத்துப் போயிருக்கிறேன்.

இனி மூன்றே நாள். நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது, ஐம்பது. மூன்றும் பச்சையாக வர வேண்டும்.

"நாளைக்கு உப்புமா கொண்டாறேன்" என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. "உப்புமாவா? அம்மணி, என்ற பொண்டாட்டி இருந்தப்பவே நான் அதைத் தொட்டதில்லீங். பூரி கீரி ஏதாச்சும்..."

"உங்களுக்குப் பூரி சுட்டுட்டு ஆறரை டூட்டிக்கு நான் எப்ப வர்றது? அந்நேரத்துக்குப் பத்து நிமிசத்துல ஆகறது உப்புமா ஒண்ணுதான்."

"பேசாம காதையே குடுத்தர்றனுங்."

"நாச்சிமுத்தண்ணா!"

"செரி, செரி, கொண்டாங்க."

முதல் நாள் உப்புமாவைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். பச்சை. இரண்டாம் நாள் ஒவ்வொரு வாய்க்கும் என்னை ஒரு பார்வை பார்த்தார். பச்சை. அவருடைய இட்லியை நான் பதினோரு மணிக்கு லேபில் உட்கார்ந்து சாப்பிட்டேன். ஆறிப்போய்க் கல்லாக இருந்தது. இருந்தாலும் சந்தோஷமாகச் சாப்பிட்டேன்.

ஐம்பதாம் நாள். உப்புமாவில் முந்திரிகூடப் போட்டிருந்தேன். முழுவதையும் சாப்பிட்டார், நான் நின்று பார்த்துவிட்டுத்தான் லேபுக்குத் திரும்பினேன். பத்து மணிக்கு வார்டில் பதினோரு பேரைத் துடைத்தேன். ஏழாம் குழாய் அவர். பன்னிரண்டாம் குழாய், வழக்கம்போல் நான்.

எங்கள் மெஷின் குழாய் எண்ணோடு முடிவை மட்டும்தான் காட்டும். எந்த எண் யாருடையது என்று பெயரை நாம்தான் அடிக்க வேண்டும். அடித்து அனுப்பினால் தலைநகர்வரை போய்விடும்.

விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. ஐந்து, சிவப்பு. ஆறு, சிவப்பு. ஏழு, சிவப்பு.

உப்புமாதானே சாப்பிட்டார்? நான்தானே கிளறினேன்? கரண்டியில் மாவு ஒட்டியிருந்ததோ, டப்பாவைச் சரியாகக் கழுவவில்லையோ என்று மனசு எங்கெங்கோ ஓடியது. பன்னிரண்டாம் விளக்கு எரிந்தது. பச்சை.

ஜன்னல் வழியே பார்த்தால் வார்டு தெரியும். டாக்டர் நாளைக்கான ஊசிப் பெட்டியை இன்றைக்கே கொண்டுவந்து ஏழாம் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். அண்ணன் அதைப் பார்க்காமல் நின்றுபோன மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினெட்டு வருஷத்தில் நான் ஒரு முடிவையும் மாற்றி எழுதியதில்லை. கை கீபோர்டு மேலேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அடித்தேன். ஏழாம் குழாய், ஒப்பீடு, கோகிலவாணி. பன்னிரண்டாம் குழாய், நாச்சிமுத்து.

அனுப்பினேன்.

அரைமணியில் டாக்டர் வந்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "வாணி, ஒப்பீட்டுக் குழாயே சிவந்திருக்கு. கிருமி இப்ப உங்களையே தாண்டிடுச்சு" என்றார், கதவுக்கு வெளியே பத்தடி தள்ளி நின்றபடி. இட்லி விஷயத்தைத் தலைநகருக்கு எழுத எனக்கு இருந்த ஒரே தகுதி என் சுத்தமான தொண்டை. அதுவும் அன்றைக்குப் போயிற்று. இட்லி இட்லி என்று நான் சொன்னதை மூளைக்கு ஏறிய நோயின் பிதற்றல் என்று குறிப்பில் எழுதிக்கொண்டார்கள்.

ஏழாம் படுக்கை அப்போதுதான் காலியாகியிருந்தது. விரிப்பு மாற்றி என்னை அதில் போட்டார்கள். ஒப்பீட்டு ஆளே சிவந்தது முதல் தடவை என்பதால் நேரடியாகப் பிடிவாத வகை, ஊசிக்கு மட்டும் அதே ஐம்பது நாள் கெடு. வெளிச் சாப்பாடு கூடாது, கணவரும் மகளும் கேட்டுக்கு வெளியே நின்று கைகாட்டலாம். மாவட்டத்திலிருந்து ஒரு புதுப் பெண் என் இடத்துக்கு வந்தாள். முதல் நாளே "ஆ காட்டுங்க அக்கா" என்று குச்சியோடு வந்து நின்றாள். அன்றைக்குக் காலை நான் தின்றது நாலு இட்லி. மறுத்தால் பசியின்மை. சிவப்பு.

ஐந்தாம் நாள் காலை ஜன்னலுக்கு வெளியே ஆள் அரவம் கேட்டது. நாச்சிமுத்து அண்ணன். ஸ்க்ரூ டிரைவரை மோட்டார் மேல் வைத்து, காதைக் கொடுத்து, கண்ணை மூடி நின்றார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தேன். மத்தியானத்துக்குள் பேரிங் மாற்றி ஓட்டிவிட்டார். கரகரப்பே இல்லை. குழாயில் தண்ணீர் ஏறுகிற சத்தம் படுக்கைவரை கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் காலை ஏழரைக்கு மறுபடி வந்தார். ஆஸ்பத்திரி மோட்டாரைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அவருக்கே கொடுத்துவிட்டார்களாம். ஏழு மணிக்கே வெறும் வயிற்றோடு வந்து கேட்டில் பச்சை வாங்கிக்கொண்டு உள்ளே நுழைகிறார். பிழைக்கத் தெரிந்துகொண்டார்.

ஜன்னலுக்கு அருகே வந்தவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"அம்மணி, ஒண்ணு சொல்லோணும். அம்பதாம் நாளு உங்க உப்புமாவத் தின்னனுங்களா? அதுக்கப்பறம் ஒம்பது மணிக்குச் சிஸ்டரம்மா மறுக்கா வந்தாங்க. நாளைக்கு ஊசியாச்சே, இந்த மனுசன் ஊட்டுச் சாப்பாடே பாக்கலியேன்னு, அவங்க ஊட்டுல இருந்து ரெண்டு இட்லி மறைச்சுக் கொண்டாந்து குடுத்தாங்க. அழுவறாங்க அம்மணி. வேண்டாம்னு எப்புடிங் சொல்றது? அதுவும் நெம்ப சூடா இருந்துச்சு."

"தின்னீங்களா?"

"ரெண்டையும் தின்னுட்டனுங்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஜன்னல் கம்பி மட்டும் இல்லையென்றால் அவர் காதைத் திருகியிருப்பேன். "அடப் பாவி மனுசா! மூணு நாளு! மூணே மூணு நாளு நாக்கைக் கட்ட முடியலையா உங்களுக்கு? முந்திரியெல்லாம் போட்டுக் கிளறிக் கொண்டாந்தனே!" என்று கத்தினேன். பக்கத்துப் படுக்கைக்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

அவர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் மெதுவாகக் கேட்டார்.

"செவப்புதான வந்திருக்கோணும்? அப்பறம் எனக்கு எப்புடிங்க பச்சை வந்துச்சு?"

அவர் என் படுக்கைக் காலில் தொங்குகிற ஏழாம் எண் அட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கைலியின் முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பையிலிருந்து ஒரு தூக்குப்போசியை எடுத்துக் கம்பிக்குள் நீட்டினார். சூடாக இருந்தது. திறந்தேன். உப்புமா. அடி கருகி, பாதி கட்டியாக, கடுகு பொரியாமல் கிடந்தது.

"நானே கெளறுனனுங். மூணு நாளைக்குத்தான அம்மணி. நாளைக்கு இன்னும் நல்லா வரும்."

எட்டு மணிக்குச் சிஸ்டர் வருவதற்குள் ஒரு பருக்கை விடாமல் தின்றேன். தட்டில் வந்திருந்த நாலு இட்லியையும் சாம்பாரோடு ஜன்னல் வழியே அவரிடம் கொடுத்தேன். பழுது பார்த்த மோட்டார்த் தண்ணீரில் வெந்த முதல் ஈடு. அவர் மோட்டார் அறைச் சுவரில் சாய்ந்து நின்று, ஊதி ஊதிச் சாப்பிட்டார்.